நாடகமும் நோய் தீர்த்தலும்

நாடகம் காண்போரை மகிழ்விப்பது என்பர் ஒரு சாரார். அறிவுறுத்துவது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் பழையன. இவை பற்றி எழுந்த வாதங்களும் பல. இவற்றின் வேறாக, நோயுற்ற உள்ளத்தைத் தேற்றி நலம்பெறச் செய்யும் ஆற்றல் நாடகத்துக்கு உண்டு என்னும் கொள்கை இக்காலத்திலே மிகுதியும் வலியுறுத்தப்படுகின்றது. மேனாடுகளில் மருத்துவமனை, சிறைக்கூடம், சிறுவர் காப்பகம் முதலிய இடங்களில் நாடகத்தைக் கொண்டு உளநோய்க்குப் பரிகாரந் தேடும் முறை 1970களில் ஒரு தனித்துறையாகவே உருப்பெற்றுவிட்டது. இலங்கையிலும், வடக்கையும் கிழக்கையும் உலுக்கிய போர்க்காலத்திலும் 2009இல் அது முடிந்த பின்னரும், இழப்புக்கு ஆளானோரைத் தேற்றுதற்கு அரங்கினைத் துணைக்கொண்ட முயற்சிகள் உள.

ஆதலின் இக்கொள்கையை ஆராய்தல் வெறும் ஏட்டுப் புலமைக்குரிய செயலன்று. மகனை இழந்த தாயைக் கொண்டே அவ்விழப்பினை நடிப்பிக்கலாமா? செல் வீழ்ந்த வீட்டிலிருந்து தப்பிய சிறுவனை அந்நிகழ்ச்சியை மீண்டும் ஆடிக்காட்டும்படி சொல்லலாமா? சொன்னால் அவன் தேறுவானா, அன்றி ஆறத் தொடங்கிய புண் மீண்டும் வாய் திறக்குமா? நாடகம் மருந்தாகும் என்போர் முதலில் இவ்வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். மருந்தெனப்படுவது யாதாயினும் அதன் அளவும் அது செயற்படும் முறையும் அறியாது கொடுக்கப்படின் நஞ்சாகும்.

இக்கொள்கையுடையார் பலரும் முதற்கண் எடுத்துக்காட்டுவது அரிஸ்டோட்டில் தமது கவிதையியலிலே துன்பியல் நாடகத்துக்குக் கூறிய இலக்கணத்தையாகும். இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்ச்சிகளின் 'கதார்சிஸ்' என்பதனைத் துன்பியல் நிறைவேற்றுகின்றது என்பது அவர் கூற்று. இச்சொல்லின் பொருளை அவர் அந்நூலில் யாண்டும் விரித்துரைத்திலர். அரசியல் என்னும் நூலின் இறுதிப் பகுதியில், இதனைக் கவிதை பற்றிய நூலில் விளக்குவேம் என்று கூறிச் செல்கின்றார். கவிதையியலிலோ அவ்விளக்கம் இல்லை. எனவே பின்வந்தோர் தத்தம் கருத்துக்கேற்பப் பொருள் கொண்டனர். லெஸிங் அதனை ஒழுக்கத்தின் பாற்படுத்தினார். யாக்கோப் பேர்ணைஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1857ஆம் ஆண்டில், அது மருத்துவச் சொல்லே, பேதிமருந்து வயிற்றுக்குச் செய்வதனை நாடகம் உள்ளத்துக்குச் செய்கின்றது என்று நிறுவ முயன்றார். இப்பேர்ணைஸின் உடன்பிறந்தார் மகளே சிக்மன்ட் ஃபிராய்டின் மனைவி என்பது இலக்கிய வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று. பிராயரும் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலிலே தம் மருத்துவ முறைக்குக் 'கதார்சிஸ்' என்னும் சொல்லையே வழங்கினர். பின்னர் ஃபிராய்ட் அம்முறையைக் கைவிட்டு வேறு வழி சென்றார். அவர் கைவிட்டதனை நாடக அறிஞர் இன்றுங் கைவிட்டிலர்.

உள்ளே தேங்கிய துயரத்தை வெளியே கொட்டிவிட்டால் அது தீரும் என்பதே இக்கொள்கையின் சாரம். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். அழுதாற் பாரங் குறையும் என்பது ஊரார் வழக்குமாகும். ஆயின் இதனைச் சோதித்துப் பார்த்தோர் கண்ட முடிபு வேறு. விபத்து, போர் முதலியவற்றாற் பேரதிர்ச்சியுற்றவரை உடனடியாக ஒருமுறை இருத்தி, நிகழ்ந்ததனை முற்றும் சொல்வித்து உணர்ச்சிகளை வெளிப்படுத்தச் செய்தல் ஒரு காலத்தில் மேனாட்டில் பெருவழக்காயிருந்தது. அதுபற்றி நடந்த பல ஆய்வுகளை ஒருங்குவைத்து மதிப்பிட்ட மருத்துவ ஆய்வுரையொன்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்முறையாற் பின்வரும் நோய் தடுக்கப்படவில்லை என்பதும், சிலர்க்கு அது தீங்கு பயத்தலுங் கூடும் என்பதும், எவரையும் அதற்கு வற்புறுத்தலாகாது என்பதும் அதன் முடிபுகள். கொட்டுதல் மட்டுமே குணமாகாது என்பது இதனாற் பெறப்படும். அங்ஙனமாயின், நாடகத்தால் ஒருவன் தேறுகின்றான் என்பது உண்மையானால், அவன் எதனால் தேறுகின்றான்?

இவ்வினாவுக்கு விடை காணத் துணைபுரிவதொன்று தமிழிலேயே உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர் சுவை என்பதன் இயல்பை விளக்குமிடத்து ஓர் உவமை தருகின்றார். வேம்பைச் சுவைத்தவன் அதன் கைப்பை நாவினால் அறிகின்றான். அவனைப் பார்த்து நிற்பவனோ, இவன் கைப்புச் சுவைத்தான் என்று கண்ணினால் அறிவதேயன்றி அக்கைப்பினைத் தான் அறியான். அவ்வாறே, அரிமாவைக் கண்டு அஞ்சி ஓடிவருகின்ற ஒருவனை மற்றொருவன் காணுங்கால், கண்டவனுக்கு அச்சம் பிறப்பதில்லை. நகையேனும் கருணையேனும் பிறக்கும். பேராசிரியர் இதனை நோய் தீர்த்தல் பற்றிச் சொன்னாரல்லர். மெய்ப்பாடு எவரிடத்தது என்னும் இலக்கணத் தடையை விடுத்தற்கே சொன்னார். ஆயினும், அஞ்சுபவன் ஓரிடத்தும் காண்பவன் வேறோரிடத்தும் நிற்க, அவ்விருவருக்கிடையே ஒரே நிகழ்ச்சி இருவேறு உணர்ச்சியாக மாறுகின்றது என்னும் இவ்வுண்மை, அரங்கின் மருத்துவத்தை அரிஸ்டோட்டிலின் ஒரு சொல்லைக் காட்டிலும் தெளிவாக விளக்குகின்றது. நோயாளன் எனப்படுவோன் வேம்பை உண்டுகொண்டேயிருப்பவன். அவனுக்கு அக்கைப்பைத் தவிர வேறு அறிவில்லை. தன் அச்சத்தைத் தானே எதிர்நின்று காணும் இடத்துக்கு அவனைக் கொணர முடியுமாயின், நகைப்பதற்கோ தன்மீது தானே இரங்குதற்கோ அவனுக்கு வழி பிறக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் தோமஸ் ஷெஃப் 1979ஆம் ஆண்டில் எழுதிய நூலில், உணர்ச்சியில் மூழ்கிவிடாமலும் அதனின்று முற்றும் விலகிவிடாமலும் நிற்கும் இடைத்தூரமே ஆற்றுகின்றது என்று வாதித்ததும் இதனோடு ஒருவாறு ஒத்துச் செல்வதே.

நகையின் வழியை ஆராய்தற்குக் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. தென்னிலங்கைக் கரையோரத்துச் சிங்கள மக்களிடையே வழங்கும் 'தொவில்' சடங்குகளுள் 'சன்னி யகும' என்பது ஒன்று. எதிரிவீர சரச்சந்திர வெளியிட்ட சிங்கள நாட்டார் நாடகம் பற்றிய நூலும், பின்னர் கணநாத் ஒபயசேகர 1969இலும் புரூஸ் கப்ஃபெரர் 1983இலும் வெளியிட்ட ஆய்வுகளும் இதுபோன்ற சடங்குகளைக் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்தன. நோய்களைப் பதினெட்டாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பேயினையும் அதற்குரிய முகமூடியினையும் இச்சடங்கு கொண்டுள்ளது. ஊமை, செவிடு, குருடு, முடம், பித்து, வாந்தி என நோய்களின் பெயரே பேய்களின் பெயருமாம். எனினும் பதினெட்டின் பட்டியல் ஊருக்கு ஊர் வேறுபடும். இவற்றுக்கெல்லாம் தலைமை பூண்டது 'மகா கோல சன்னி'.

சடங்கு மாலையில் தொடங்கி விடியும்வரை நடைபெறும். நோயாளர் ஒருபுறம் அமர்த்தப்படுவர்; வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருப்பர். முன்னிரவிலும் நள்ளிரவிலும் பறை முழக்கமும், தீப்பந்தத்தில் எறிந்த குங்கிலியப் பொடி பற்றியெழும் சுடரும், வேகமான ஆட்டமும் அச்சத்தையே மிகுவிக்கின்றன. விடியற்காலம் நெருங்க நெருங்கக் காட்சி மாறுகின்றது. பேய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பறையறைவோனோடு உரையாடத் தொடங்குகின்றன. அவ்வுரையாடல் முழுதும் நகைச்சுவை. செவிட்டுப் பேய் ஒன்றைக் கேட்டு வேறொன்றுக்கு விடை கூறுகின்றது. பிற பேய்கள் சொற்களைப் பிறழ உணர்ந்து நகைப்புக்கிடமாகின்றன. இடக்கர்ச் சொற்களுக்கும் குறைவில்லை. நள்ளிரவில் நடுங்கவைத்த ஆற்றல் விடியலில் ஊராரின் கேலிக்கு ஆளாகின்றது. ஈற்றில் ஒவ்வொரு பேயும் புத்தரின் ஆணைக்கு அடங்கிக் காணிக்கையைப் பெற்றுக்கொண்டு செல்கின்றது.

இங்கே இரண்டு செய்திகள் உய்த்துணரத்தக்கன. நோய்க்கு ஒரு முகம் கொடுக்கப்படுகின்றது என்பது ஒன்று. உள்ளே இன்னதென்று அறியப்படாது வருத்திய ஒன்று, இப்போது மரத்தாற் செய்த முகமும் பெயரும் பூண்டு நோயாளரின் எதிரே நிற்கின்றது. வேம்பு நாவினின்றும் நீங்கிக் கண்ணெதிரே வருகின்றது. நோயாளர் தனித்து நகைப்பதில்லை, ஊரோடு சேர்ந்தே நகைக்கின்றார் என்பது மற்றையது. அஞ்சிய காலத்திற் பிறரால் அணுக முடியாத தனிமையிலிருந்தவர், பிறர் நகைக்கும் அதே கணத்தில் அதே பொருள் குறித்து நகைக்கும்போது மீண்டும் அவர்களுள் ஒருவராகின்றார். கப்ஃபெரர் வலியுறுத்துவதும் ஏறத்தாழ இதுவே. இச்சடங்கு காய்ச்சலையும் வாந்திபேதியையும் தீர்க்கும் என்று கொள்ளுதல் பேதைமை. உள்ளத்து அச்சத்தின் அளவிலேயே இதன் பயன் கூறப்படுகின்றது.

நகை எல்லாம் மருந்தாகும் என்றும் கொள்ளுதற்கில்லை. பாரிஸ் நகரின் அருகே சாரந்தோன் என்னும் ஊரில் இருந்த பித்தர் காப்பகத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குல்மியே என்னும் தலைவரின் ஆதரவோடு நாடகங்கள் நடிக்கப்பட்டன. அவற்றை நெறிப்படுத்தியவர் அங்கே அடைக்கப்பட்டிருந்த சாட் பிரபு. நோயாளரின் நலத்துக்காகவே இந்நாடகங்கள் எனக் கூறப்பட்டது. நகரத்துச் செல்வரும் சீமாட்டிகளும் அழைப்புப் பெற்றுப் பார்க்க வந்தனர். காப்பகத்தின் மருத்துவர் றொயே கொலார் இதனை எதிர்த்து 1808இல் அரசினர்க்கு முறையிட்டார். 1813இல் நாடகங்கள் நிறுத்தப்பட்டன. பிற்காலத்தில் அங்கு மருத்துவராயிருந்த எஸ்கிரோல், இது பொய்க்காட்சியே, பித்தர் உண்மையில் நடித்திலர், தலைவர் பார்வையாளரை ஏமாற்றினார் என்ற கருத்துப்பட எழுதினார். சன்னி யகுமவில் ஊரார் நகைப்பது நோயை நோக்கி. சாரந்தோனில் வந்தோர் வேடிக்கை பார்த்தது நோயாளரை நோக்கி. அரங்கின் அமைப்பு இரண்டிடத்தும் ஒன்றே. காண்போரின் கண் வேறு, பயனும் வேறு.

இக்காலத்து முறைகளுக்குத் தந்தை எனப்படுபவர் ஜேக்கப் மொறெனோ. 1889இல் புக்கரெஸ்ட் நகரிற் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1921ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே முன்னேற்பாடில்லாத நடிப்புக்கென ஓர் அரங்கு நடத்திப் பின் அமெரிக்கா சென்றார். 1936இல் நியூயோர்க் மாநிலத்து பீக்கன் என்னுமூரிலே ஒரு மருத்துவமனையை நிறுவி அதனுள் ஒரு மேடையையும் அமைத்தார். 1974இல் மறைந்தார். வியன்னா அரங்கிலே இனிய பெண்பாத்திரங்களையே ஏற்றுவந்த நடிகை ஒருத்தி வீட்டிற் கணவனோடு கொடுஞ்சினம் கொண்டு பூசலிடுபவளாயிருந்தாள் என்றும், அவளுக்குக் கீழ்மைப்பட்ட, சினம்மிக்க பாத்திரங்களை அளித்தபின் வீட்டிற் பூசல் தணிந்தது என்றும், பின்னர் கணவனையும் மேடையேற்றி அவர்தம் இல்வாழ்க்கைக் காட்சிகளையே நடிப்பித்ததாகவும் அவர் எழுதியுள்ளார். இச்செய்தி மொறெனோவின் வாய்மொழியாகவே கிடைப்பது. அவர் தம்மைப் பற்றிக் குறைத்துக் கூறும் இயல்பினரல்லர் என்பதனை அவர் நூல்களைப் பயின்றோர் அறிவர்.

மொறெனோவும் 'கதார்சிஸ்' என்றே பேசினார். ஆயினும் அவருடைய கொள்கையினும் அவர் கண்ட செயன்முறைகள் சிறந்தன. அவற்றுள் ஒன்று 'கண்ணாடி' எனப்படும். நோயாளன் மேடையினின்று இறங்கி அவையோரிடையே அமர, வேறொருவன் அவனாக நின்று அவன் செய்ததனையும் சொன்னதனையும் ஆடிக்காட்டுவான். மற்றொன்று இடமாற்றம்: தந்தையோடு பிணங்கிய மகன் தந்தையாக நின்று, தன்னை நடிப்பவனுக்கு விடை கூறவேண்டும். இவ்விரண்டிலும் துயரம் கொட்டப்படுவதில்லை, அது காணப்படுகின்றது. பேராசிரியர் கூறிய காண்போன் நிலைக்கு நோயாளனை ஏற்றுவதற்குரிய சூழ்ச்சிகளே இவை.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' (1985), 'அன்னை இட்ட தீ' (1991) ஆகிய நாடகங்கள் இவ்வகையில் மதிப்பிடற்குரியன. பின்னையது போரினால் உள்ளம் புண்பட்டோரின் நிலையையே பொருளாகக் கொண்டது; அப்புண்களின் பரப்பை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிற் காணலாம். துயருற்ற ஒருவரை நிறுத்தி அவர் கதையை அவரைக் கொண்டே ஆடுவித்தல் இந்நாடகங்களின் முறையன்று. துயரத்தை நடிகர் சுமந்தனர். துயருற்றோர் அவையில் அயலாரோடு அமர்ந்து கண்டனர். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் சிறுவரைக் கதை, களிமண், ஓவியம், நாடகம் ஆகியவற்றின் வழியே அணுகியது. செல் வீழ்ந்ததனைச் சொல் என்று கேட்பதற்கும், ஒரு கதையிலே காட்டில் வழிதவறிய யானைக்குட்டியாக இரு என்று விடுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. இப்பணியில் இறங்கும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

கருணையின் வழிக்குச் சிறந்த சான்று சோபொக்கிளீஸ் இயற்றிய 'பிலொக்ரீற்றஸ்' என்னும் நாடகம். கி. மு. 409இல், ஆசிரியர் எண்பத்தைந்து வயதைக் கடந்த காலத்தில், அதென்ஸ் நகரில் மேடையேறி முதற்பரிசு பெற்றது. அங்கே தியொனிசஸ் தெய்வத்தின் அரங்கினை அடுத்து மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளீப்பியஸின் கோயில் இருந்தது. அத்தெய்வத்தின் வழிபாடு அந்நகருக்குக் கி. மு. 420இலேயே வந்து சேர்ந்தது. இவ்வண்மையைக் கொண்டே அதென்ஸ் நாடகம் மருத்துவமாகக் கருதப்பட்டது என்று சிலர் துணிந்து கூறுவர். அடுத்தடுத்த வீட்டார் அனைவரும் உறவினராதல் இல்லை. சான்றினை நாடகத்தினுள்ளேயே தேடுதல் வேண்டும்.

திரோய் நகர்மேற் படையெடுத்துச் சென்ற கிரேக்கருள் ஒருவன் பிலொக்ரீற்றஸ். வழியிலே பாம்பு தீண்டியதால் அவன் காலிற் புண் உண்டாயிற்று. புண்ணின் நாற்றமும் அவன் அலறலும் வேள்விக்கு இடையூறாயின என்று தலைவர்கள் அவனை லெம்னொஸ்தீவில் விட்டகன்றனர். அதனை நிறைவேற்றியவன் ஒடிசியஸ். பத்தாண்டுகள் கழிந்தன. ஹெராக்கிளீஸ் அளித்த வில் அவனிடம் உண்டு. அதுவும் அவனும் இன்றித் திரோய் வீழாது என நிமித்திகன் உரைத்தான். ஒடிசியஸ் மீண்டும் வருகின்றான். தான் முன்வரின் அம்புக்கு இலக்காவான் என்பதனால் அக்கிலீசின் மகனாகிய இளைஞன் நியொப்ரொலமஸை ஏவி, பொய் பேசி வில்லைக் கவருமாறு பணிக்கின்றான்.

இக்கதையை ஈஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் முன்னரே நாடகமாக்கியிருந்தனர். அவர்தம் நாடகங்கள் கிடைத்தில. ஆயினும் அவற்றிலே லெம்னொஸ் மக்கள் குழுவினராக வந்தனர் என்பது தெரிகின்றது. சோபொக்கிளீஸ் அத்தீவை ஆளில்லாத இடமாக்கினார். இம்மாற்றமே நாடகத்தின் உயிர். புண்ணினால் மட்டும் வருந்துபவனல்லன் அவருடைய பிலொக்ரீற்றஸ். பத்தாண்டுகள் அலறியும் கேட்பதற்கு ஒருவரும் இல்லாதவன். அயலார் வந்திருப்பதைக் கண்டதும் அவன் முதலில் விரும்புவது மருந்தன்று, உணவுமன்று. அவர்கள் வாயினின்று தன் மொழியைக் கேட்பதேயாம்.

நோவு எழும் காட்சி இந்நாடகத்தின் நடுவிலே உளது. முதலில் அவன் அதனை மறைக்க முயல்கின்றான், ஒன்றுமில்லை என்கின்றான். பின்னர் சொல்லாக அமையாத வெற்றொலிகள் அடியடியாக வெளிப்படுகின்றன. இங்கே துயரம் கொட்டப்படுகின்றது என்பது மெய். அதனால் அவன் குணமடைந்தானா? இல்லை, களைத்து உறங்குகின்றான். மாறுதல் நிகழ்வது அவனிடத்தன்று, கண்டு நின்ற இளைஞனிடத்து. தன்னைத் தனியே விட்டுச் செல்லாதே என்று அவன் இரக்க, சூளுறவு வேண்டாம், கையைத் தா என்று கேட்க, நியொப்ரொலமஸ் கையை நீட்டுகின்றான். வில்லையும் அவனே நம்பி ஒப்படைத்துவிட்டான். வந்த காரியம் முடிந்தது. இனிக் கொண்டு செல்லவேண்டியதே. அவனால் இயலவில்லை. உண்மையைச் சொல்லி, பின்னர் ஒடிசியஸ் தடுக்கவும் கேளாது வில்லைத் திருப்பிக் கொடுக்கின்றான். பத்தாண்டுகளுக்கு முன் இவ்வலறலையே கேட்ட ஒடிசியஸ் மாறவில்லை என்பதனையும் மறத்தலாகாது. காண்பதனால் மட்டும் கருணை பிறந்துவிடாது. காண்பவன் யாவன் என்பதும் உண்டு.

2008ஆம் ஆண்டு முதலாக பிரையன் டோறிஸ் என்னும் அமெரிக்கர் இந்நாடகத்தையும் இதே ஆசிரியரின் 'அஜாக்ஸ்' நாடகத்தையும் போரினின்று மீண்ட வீரர்முன்னும் அவர் மனைவியர்முன்னும் படிப்பித்து வருகின்றார். நடிகர் இருந்தபடியே படிப்பர். படித்து முடிந்ததும் அவையோர் பேசுவர். அதுவே நிகழ்ச்சியின் பெரும்பகுதி. எந்த வீரனும் தன் கதையை நடிக்குமாறு கேட்கப்படுவதில்லை. ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவனின் அலறலைக் கேட்டபின், தம்முடையதனைச் சொல்ல விரும்புவோர் சொல்கின்றனர். கேட்பதற்கு அவை நிறைய ஆளிருக்கின்றது. இதனை மருத்துவம் என்று அழைத்தல் மிகையாகலாம். மருத்துவரிடம் செல்ல நாணியிருந்தவனைச் செல்லத் துணியச் செய்யுமாயின் அதுவே போதும்.

சோபொக்கிளீஸும் இதற்குமேல் எதனையும் உறுதிகூறினாரல்லர். வில் திரும்பக் கிடைத்த பின்னரும் பிலொக்ரீற்றஸ் திரோய்க்குச் செல்ல மறுக்கின்றான். தன்னைக் கைவிட்டோரோடு சேர்ந்திருக்க அவனால் இயலாது. தெய்வநிலை பெற்ற ஹெராக்கிளீஸ் தோன்றி, அங்கே சென்றால் அஸ்கிளீப்பியஸ் புண்ணை ஆற்றுவான் என்று ஆணையிட்டதன்பின் இசைகின்றான். தான் கிடந்த குகையிடமும் நீரூற்றுக்களிடமும் கடல் அறைந்த பாறையிடமும் விடைபெறுகின்றான். பத்தாண்டுகள் அவன் குரலுக்கு எதிரொலி தந்தவை அவையே. நியொப்ரொலமஸும் மாலுமிகளும் உடன்செல்ல அவன் கப்பலை நோக்கி நடக்கும்போது, புண் இன்னும் அவன் காலில் இருக்கின்றது.